வீட்டுத் தோட்டத்தில் சூரியகாந்தி

சூரியகாந்தி, சாமந்தியும் டேலியாவும் அடங்கிய அஸ்டரேசியே குடும்பத்தைச் சேர்ந்த ஓராண்டுச் செடி. தாவரவியலில் ஹீலியாந்தஸ் ஆன்னுவஸ் எனப்படும். இதன் தாயகம் வட அமெரிக்கா. 4,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்குள்ள பழங்குடி மக்கள் விதைக்காக இதைப் பயிரிட்டார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக ஐரோப்பியத் தோட்டங்களுக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவில் எண்ணெய்ப் பயிராக வளர்ந்தது. இந்தியாவில் நெடுங்காலம் அழகுச் செடியாக மட்டுமே இருந்து, 1969இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்த ரகங்களோடு வயலில் இறங்கியது.

வீட்டில் சூரியகாந்தியை முளைக்க வைப்பதும் பூக்க வைப்பதும் எளிது. மணி பிடிக்க வைப்பதுதான் கடினம். கொண்டை பெரிதாக விரிந்து, காய்ந்து, உதிர்த்துப் பார்த்தால் உள்ளே பருப்பில்லாத பொக்கு விதைகளே நிறைந்திருக்கும். இதற்கு மண்ணையோ உரத்தையோ குறை சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் பூவின் அமைப்பில்தான் இருக்கிறது.

நாம் ஒரு பூ என்று பார்ப்பது நூற்றுக்கணக்கான சிறுமலர்களின் கூட்டம். விளிம்பில் மஞ்சள் இதழ்களாகத் தெரிபவை கதிர்மலர்கள். அவை விதை தருவதில்லை, பூச்சிகளை அழைப்பதே அவற்றின் வேலை. நடுவட்டத்தில் சுருள்சுருளாக நெருங்கி நிற்கும் சிறுமலர்களே விதையாகின்றன. அவை ஒரே நாளில் விரிவதில்லை. வெளி விளிம்பில் தொடங்கி, நாளுக்குச் சில வரிசைகளாக, ஒரு வாரத்துக்கு மேல் மையத்தை நோக்கிச் செல்லும். பாதி விரிந்த கொண்டையை அருகில் சென்று பார்த்தால் வெளி வளையம் வாடிப் பழுப்பாகவும், அடுத்த வளையம் மகரந்தம் பொங்கியும், மையம் இன்னும் திறக்காத பச்சை மொட்டுகளாகவும் இருப்பது தெரியும். ஒவ்வொரு சிறுமலரும் முதலில் மகரந்தத்தை வெளித்தள்ளும். அதன் சூல்முடி அதற்குப் பிறகே விரியும். போதாததற்கு, பல ரகங்கள் தம் சொந்த மகரந்தத்தை எளிதில் ஏற்பதில்லை. இன்றைய வீரிய ஒட்டு ரகங்களில் இந்தக் குணம் குறைவு.

ஆகவே ஒற்றைச் செடியாக வளர்ப்பது விதைக்கு உதவாது. ஒரே சமயத்தில் பூக்கும்படி ஐந்தாறு செடிகளையாவது சேர்த்து வளர்க்க வேண்டும். தேனீ வராத மாடித் தோட்டத்தில் கையால் மகரந்தம் சேர்க்கலாம்: பூக்கும் காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில் பனி உலர்ந்த பின், மெல்லிய துணி சுற்றிய உள்ளங்கையால் ஒரு கொண்டையை மெதுவாகத் தடவி, அதே துணியோடு அடுத்த கொண்டையையும் தடவ வேண்டும். உழவர்கள் வயலிலும் கையாளும் முறை இது. பூங்கொத்துக்காக உருவாக்கப்பட்ட மகரந்தமில்லா ரகங்களை விதைக்காக வாங்குவது வீண்.

இளஞ்செடி பகலில் கிழக்கிலிருந்து மேற்காகச் சூரியனைத் தொடர்ந்து திரும்பும். பகலில் தண்டின் கிழக்குப் பக்கமும் இரவில் மேற்குப் பக்கமும் கூடுதலாக நீள்வதே காரணம். பூ விரிந்து தண்டு முற்றியதும் இந்த அசைவு நின்று, கொண்டை கிழக்கு நோக்கியே நிலைத்துவிடும். காலை வெயிலில் விரைவில் சூடாகும் அத்தகைய பூக்களுக்கு, மேற்கு நோக்கித் திருப்பி வைத்தவற்றைவிடப் பன்மடங்கு தேனீக்கள் வருவதாகக் கலிபோர்னியா ஆய்வாளர்கள் 2016இல் காட்டினர். கிழக்குப் பக்கம் சுவரோ தண்ணீர்த் தொட்டியோ மறைக்காத இடமே சிறந்தது என்பதற்கு இது நல்ல காரணம்.

நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நீர் தேங்காத எந்த மண்ணும் போதும். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் நாற்றை இடம் மாற்றி நடுவதைவிட நேரடியாக விதைப்பதே நல்லது. 2 முதல் 3 செ.மீ. ஆழத்தில் ஊன்றி, உயரமான ரகங்களுக்குச் செடிக்குச் செடி ஓரடி இடைவெளி விடலாம். தொட்டியிலும் வளர்ப்புப் பையிலும் குட்டை ரகங்களே நிலைக்கும். தமிழ்நாட்டின் வெப்பத்தில் ஆண்டு முழுவதும் விதைக்கலாம் என்றாலும், பூக்கும் நேரம் ஐப்பசி, கார்த்திகை மழையில் சிக்கக் கூடாது; மழை மகரந்தத்தைக் கழுவிவிடும், தேனீக்களும் வராது. மார்கழி, தையில் விதைத்தால் இரண்டு மாதத்தில், நல்ல வெயிலில் பூக்கும்.

மொட்டு விடும்போதும் மணி பிடிக்கும்போதும் தண்ணீர் குறையக் கூடாது. தழைச்சத்து மிகுந்தால் இலை செழித்துத் தண்டு சாயும். உயரச் செடிகளுக்குக் குச்சி ஊன்றிக் கட்டுவது அவசியம். தத்துப்பூச்சியும் கொண்டையைத் துளைக்கும் பச்சைப் புழுவும் வரும். புழுக்களைக் கையால் பொறுக்கியே அழிக்கலாம். பூத்திருக்கும் செடியில் பூச்சிக்கொல்லி தெளிப்பது தேனீக்களைக் கொன்று விளைச்சலையும் கெடுக்கும். இதில் சமரசமே கூடாது.

மணி முற்றத் தொடங்கியதும் கிளியும் அணிலும் வந்துவிடும். பூத்து முடிந்த கொண்டையை வலையாலோ மெல்லிய துணியாலோ மூடிக் கட்ட வேண்டும். கொண்டையின் பின்புறம் பச்சை மாறி எலுமிச்சை மஞ்சளானால் அறுவடைப் பருவம். அறுத்து இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்தி, குச்சியால் தட்டினால் விதை உதிரும். புதிதாக எடுத்த விதைக்கு உறக்கக் காலம் உண்டு. ஏறத்தாழ 45 நாள் கழித்து விதைத்தால்தான் நன்றாக முளைக்கும். வீரிய ஒட்டு ரகத்தின் விதையை எடுத்து மீண்டும் விதைத்தால் செடிகள் ஒரே சீராக வருவதில்லை. அதற்குப் புதிய விதையே வாங்க வேண்டும்.