வீட்டு லேப்டாப்ல ஓடுது, காலேஜ் லேப்ல எரர் வருது... சி++ கம்பைலர் குழப்பம் ஏன்?

தூத்துக்குடி பக்கத்துப் புதுக்கோட்டையில் இருந்து தினமும் காலேஜுக்கு பஸ் ஏறும் ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். பிளஸ் 1-ல் டெவ் சி++ வைத்து சி++ கற்றவர். வீட்டு லேப்டாப்பில் சரியாக ஓடிய அதே புரோகிராமை காலேஜ் லேப்பில் டர்போ சி++-ல் அடித்ததும், முதல் வரியிலேயே எரர். மார்க் போகுமோ என்ற பயம் வேறு. உண்மையில் அவர் எழுதியதில் தப்பே இல்லை.

கம்பைலர் என்பது நாம் எழுதும் புரோகிராமை கம்ப்யூட்டருக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் மென்பொருள். இலவசமாகவே பல கம்பைலர்கள் கிடைக்கின்றன. சிக்கலே அங்கேதான்.

டர்போ சி++ எங்கே நிற்கிறது?

போர்லாண்ட் நிறுவனம் டாஸ் காலத்துக்காக 1990-ல் வெளியிட்டது டர்போ சி++. சி++ மொழிக்கு சர்வதேசத் தரம் வந்ததோ 1998-ல். அதனால் இப்போது பாடப்புத்தகத்தில் இருக்கும் 'ஐயோஸ்ட்ரீம்' டர்போவுக்குத் தெரியாது; 'ஐயோஸ்ட்ரீம்.எச்' என்றுதான் கேட்கும். தலைகீழாகவும் இடிக்கும். டர்போவில் பழகிய 'வாய்டு மெயின்' இப்போதைய ஜி++-ல் எரர். 'கோனியோ.எச்' லினக்ஸில் கிடையவே கிடையாது. விண்டோஸுக்கான மின்ஜிடபிள்யூவில் அந்த ஃபைல் இருக்கும், ஆனால் திரையைத் துடைக்கும் 'கிளியர்ஸ்கிரீன்' அதில் இருக்காது!

இன்னொன்று, 64-பிட் விண்டோஸ் பழைய 16-பிட் புரோகிராம்களை ஓட்டாது. டாஸ்பாக்ஸ் போட்டு அதற்குள் டர்போவை ஓட்டுவது அதனால்தான்.

எரரே வராமல் விடை மாறினால்?

இதுதான் ரொம்ப ஆபத்தானது. டர்போவில் 'இன்ட்' 2 பைட். அதிகபட்சம் 32,767 வரைதான் தாங்கும். 40,000 உப்பு மூட்டைகளைக் கணக்கில் போட்டால் மைனஸ் 25,536 என்று காட்டும். அதே புரோகிராம் ஜிசிசி-யில் சரியான விடை தரும், ஏனென்றால் அங்கே 'இன்ட்' 4 பைட். 200 கோடிக்கு மேல் தாங்கும்.

சரி, எல்லாரும் ஜிசிசி-க்கே மாறிவிட்டால்? அப்போதும் முழுசாகத் தீராது. 64-பிட் லினக்ஸில் 'லாங்' 8 பைட், 64-பிட் விண்டோஸில் 4 பைட். கம்பைலர் ஒன்றுதான், ஆபரேட்டிங் சிஸ்டம் மாறினால் அளவும் மாறுகிறது. மேக் கம்ப்யூட்டரில் 'ஜிசிசி' என்று டைப் செய்தாலும் உள்ளே வேலை பார்ப்பது கிளாங் என்ற வேறு கம்பைலர்.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இது புதிதல்ல. 2011 முதல் அரசு கொடுத்த இலவச லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. ஒரே மிஷின், இரண்டு உலகம். பிளஸ் 2 புத்தகத்தில் பைத்தானில் இருந்து சி++ புரோகிராமை ஓட்டும் பாடமும் மின்ஜிடபிள்யூவை வைத்துத்தான் சொல்லித் தருகிறது.

என்ன செய்யலாம்?

பென்டிரைவில் .இஎக்ஸ்இ ஃபைலை எடுத்துப் போய்ப் பயனில்லை. விண்டோஸில் உருவானது லினக்ஸில் நேரடியாக ஓடாது. .சிபிபி ஃபைலை எடுத்துப் போய் அங்கேயே கம்பைல் செய்யுங்கள். 'இன்ட் மெயின்' எழுதிப் பழகுங்கள். பெரிய எண்ணுக்கு 'லாங் லாங்' போட்டால் விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் 8 பைட்தான் (டர்போவில் அது இல்லை). ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைக் கவனியுங்கள். விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது.

செல்போனில் ஆன்லைன் கம்பைலரில் பயிற்சி எடுப்பவர்களுக்கு ஒரு விஷயம்: அவை பெரும்பாலும் லினக்ஸ் சர்வரில் ஓடுபவை. பிராக்டிகல் தேர்வு நடக்கும் லேப்பில் எந்தக் கம்பைலர், எந்த வெர்ஷன் என்று ஒரு வாரம் முன்னாடியே கேட்டு, அதிலேயே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.