குமரிக் கடலில் மலாக்கா முன்ஷி

நவீன மலாய் உரைநடையின் தந்தை எனப் பள்ளிகளில் கற்பிக்கப்படும் முன்ஷி அப்துல்லா, 1796ஆம் ஆண்டு மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்தவர். அவருடைய குடிவழியைத் தேடிச் சென்றால் நாகூர் வந்து சேரும். ஏமன் நாட்டு அராபியர் ஒருவர் நாகூரில் தங்கி அவ்வூர்ப் பெண்ணை மணந்தார். அவர் மைந்தருள் ஒருவர் கடல் கடந்து மலாக்காவுக்கு வந்து பெரியாச்சி என்னும் மங்கையை மணந்தார். பெரியாச்சியின் பேரனே அப்துல்லா.

அக்கால மலாக்காவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது வழக்கம். கணக்குக்கும் வணிகப் பேச்சுக்கும் அது வேண்டியிருந்தது. தந்தையார் தம்மையும் தமிழ் கற்க அனுப்பியதை, 1849இல் அச்சேறிய 'ஹிக்காயாட் அப்துல்லா'வில் அவரே எழுதியிருக்கிறார். தமிழ்ப் பள்ளியா, வேறு பள்ளியா என்று இன்று தயங்கும் பெற்றோர் இதனை ஒரு முறை படித்துப் பார்க்கலாம்.

1838இல் கிளந்தானில் உள்நாட்டுப் போர் மூண்டு, சிங்கப்பூர் வணிகரின் சரக்குகள் அங்கே சிக்கிக்கொண்டன. கடிதங்களுடன் அப்துல்லா கடல்வழி அனுப்பப்பட்டார். கரைகள்தோறும் இறங்கிப் பார்த்தவருக்கு ஒரு கேள்வி எழுந்தது: மண் வளமாயிருந்தும் மக்கள் ஏன் வறியராய் இருக்கின்றனர்? நல்ல வீடு கட்டினாலும் பொருள் சேர்த்தாலும் அரசர் பறித்துக்கொள்வார் என்ற அச்சமே காரணம் என்று துணிந்து எழுதினார். பிள்ளைகள் தம் தாய்மொழியை முறையாகக் கற்பதில்லை என்றும் வருந்தினார். ஆங்கிலேயரிடம் ஊழியம் பார்த்தவரின் கண்ணாடி வழியே கண்ட காட்சி இது என்று குறை கூறுவோர் உண்டு; அக்குறையில் உண்மையும் உண்டு. ஆயினும், மன்னர் புகழ் பாடுவதையே மரபாகக் கொண்டிருந்த நாளில், கண்டதைக் கண்டவாறு எழுதப் பெருந்துணிவு வேண்டும்.

1854இல் அவர் மேற்கொண்ட பயணம் வேறு வகையானது. மெக்காவை நாடிச் சிங்கப்பூரிலிருந்து கப்பலேறினார். வழியில் குமரி முனையருகே புயல் தாக்கியது. குமரியை அவர் 'காம்ரி' என்றே எழுதுகிறார். முன்னோர் வாழ்ந்த தமிழகத்தின் கடலே அது. அரசர்களையும் அதிகாரிகளையும் அஞ்சாது அளந்த எழுத்தாளர், அவ்வலைகளின் பெருமையை உரைக்கச் சொல் இல்லை என்று இறைவனைக் கூவி அழைக்கிறார். முதற் பயண நூலில் அவர் பிறர் வாழ்வை ஆராய்ந்தார். இந்நூலிலோ அவர் உயிரே அலைமேல் நிற்கிறது. கள்ளிக்கோட்டை முதலிய துறைகளைக் கண்டபின் கப்பல் அரபுக் கரையை அடைந்தது.

ஊர் திரும்ப அவருக்கு வாய்க்கவில்லை. அவ்வாண்டே அங்கு காலமானார். முற்றுப் பெறாத அப்பயணக் குறிப்பு பின்னரே சிங்கப்பூரில் அச்சாயிற்று.