கற்பனை எண்களின் மெய் வரலாறு

அட்சரகணிதம் பயிலும் மாணவர்க்குச் சிக்கலெண்களை அறிமுகஞ்செய்யும் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே முறையினைக் கையாள்கின்றன. வர்க்கத்துடன் 1ஐக் கூட்டப் பூச்சியமாகும் எண் மெய்யெண்களிடையே இல்லை. ஆதலின் மறை ஒன்றின் வர்க்கமூலத்தைக் ‘கற்பனை’ செய்துகொள்வோம் என அவை தொடங்குகின்றன. தீர்வில்லாததற்குத் தீர்வொன்றை ஏன் புனைதல் வேண்டும் என வினவும் மாணவனுக்கு விடை கிடைப்பதில்லை. கணிதம் அறிஞர்தம் மனத்தில் மட்டுமே பிறக்கும் விளையாட்டு என்ற கருத்துமுதல்வாத மயக்கமே எஞ்சுகின்றது.

வரலாற்றினை நோக்குமிடத்து நிலைமை வேறாகும். ஏறத்தாழ கி.பி. 850இல் மகாவீரர் மறையெண்ணுக்கு வர்க்கமூலம் இல்லையெனக் கூறினார். இருபடிச் சமன்பாட்டினைப் பொறுத்தவரை அவ்விடை போதுமானதாகவே இருந்தது. அந்த அமைதியைக் குலைத்தது முப்படிச் சமன்பாடாகும்.

அச்சமன்பாடு தீர்க்கப்பட்ட களம் 16ஆம் நூற்றாண்டின் இத்தாலிய வணிக நகரங்களாகும். வணிகர் மைந்தர்க்குக் கணக்குக் கற்பிக்கும் பள்ளிகள் அங்குப் பெருகியிருந்தன. இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை விளக்கிய பச்சியோலியின் 1494ஆம் ஆண்டு நூலே முப்படிச் சமன்பாடு தீர்க்கப்படாதிருப்பதையும் குறிப்பிட்டது. பொலோஞ்ஞாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த தெல் பெரோ அதன் ஒரு வகைக்குத் தீர்வு கண்டும் வெளியிடாது, 1526இல் இறக்கும் முன் மாணவரிடம் கையளித்தார். அம்மாணவரான பியோரே 1535இல் தார்த்தாலியாவுடன் பகிரங்கப் போட்டியில் மோதித் தோற்றார். 1539இல் இரகசியம் காப்பதாக உறுதி பெற்றுத் தார்த்தாலியா தம் முறையைக் கார்டானோவுக்கு உரைத்தார். 1545இல் அது அச்சேறியது. பதவியும் புரவலர் ஆதரவும் போட்டியிற் பெறும் வெற்றியைச் சார்ந்திருந்த சூழலில், அறிவு தனியுடைமையாகப் பூட்டிவைக்கப்பட்டமை வியப்பன்று.

எனினும் சந்தையின் தேவையே சிக்கலெண்களைத் தோற்றுவித்தது எனக் கூறின், அது இயந்திரப் பாங்கான விளக்கமாகிவிடும். கணக்குப் பேரேட்டிற்கு முப்படிச் சமன்பாடு தேவைப்படவில்லை. வினாக்களை எழுப்பிய நிறுவனங்களைச் சமூகம் உருவாக்கியது. விடையின் வடிவத்தையோ சூத்திரத்தின் உள்முரண்பாடே நிர்ணயித்தது.

ஓர் எண்ணின் கனம், அவ்வெண்ணின் 15 மடங்குடன் 4ஐக் கூட்டியதற்குச் சமம் என்க. 4 அதன் தீர்வென்பது வெளிப்படை: 64, 60உடன் 4 சேர்ந்ததே. ஆயின் கார்டானோவின் சூத்திரத்தைப் பிரயோகித்தால் மறை 121இன் வர்க்கமூலம் குறுக்கிடுகின்றது. மெய்யான விடைக்குச் செல்லும் வழி ‘இல்லாத’ எண்ணினூடாகவே செல்கின்றது! சதுப்பு நிலங்களை வடித்து விளைநிலமாக்கும் பணியில் ஈடுபட்ட பொறியியலாளரான பொம்பெல்லி, 1572இல் வெளிவந்த தம் நூலில் இம்முடிச்சை அவிழ்த்தார். 2உடன் மறை ஒன்றின் வர்க்கமூலத்தைக் கூட்டிக் கனமாக்கின், 2உடன் அம்மூலத்தின் 11 மடங்கு சேர்ந்த தொகை வரும். சூத்திரத்தின் ஒரு பகுதி அதுவே. அம்மூலத்தைக் கழித்துக் கனமாக்கின் மறுபகுதி கிடைக்கும். ஆகவே இரு கனமூலங்களையும் கூட்டுங்கால் கற்பனைப் பகுதிகள் ஒன்றையொன்று நீக்க, 4 எஞ்சுகின்றது.

‘கற்பனை’ என்னும் பெயர் 1637இல் டெக்கார்ட் இட்டது. நில அளவையாளரான வெசல் 1797இல் இவ்வெண்களைத் தளத்திலமைந்த திசைகொண்ட கோடுகளாகக் காட்டினார். ‘சிக்கலெண்’ என்ற பெயரைக் காவுசு 1831இல் வழங்கினார். 1893இல் இசுரைன்மெற்சு ஆடலோட்ட மின்சுற்றுக் கணிப்பிற்கு இவற்றைப் பயன்படுத்தினார். மறை ஒன்றின் வர்க்கமூலம் அபத்தமான முரண்பாடாயினும், சரியான கணிதச் செய்கைகளின் தவிர்க்கவியலா விளைவாகப் பல இடங்களில் தோன்றுவதை எங்கெல்சு 1878இல் நூலாக வெளிவந்த ‘டூரிங்குக்கு மறுப்பி’ல் சுட்டியமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

எனவே வகுப்பறையிற் பாடம் தொடங்கவேண்டிய இடம் பொம்பெல்லியின் சமன்பாடேயாகும். விடையை முன்னரே அறிந்த மாணவன், அதனை அடையும் வழியில் அந்த ‘இல்லாத’ எண்ணைத் தானே எதிர்கொள்ளட்டும். அப்போது அவன் காண்பது ஆசிரியரின் ஆணையை அன்று. மனித உழைப்பின் தேவையை. கணிதம் சிலர்க்கே உரிய மறைஞானம் என்ற எண்ணம் தகர்வதற்கு அதுவே முதற்படியெனலாம்.