நோட்டா பிறந்த கதை

தேர்தல் வந்துவிட்டால் திருப்பூர் காதர்பேட்டைக் கடைகளில் எல்லாக் கட்சிக் கலரிலும் டீ-சர்ட் தொங்கும். ஆர்டர் கொடுக்க வருபவர் எந்தக் கட்சி என்று கடைக்காரருக்குத் தெரியும். கடைக்காரரின் ஓட்டு யாருக்கு என்பது மட்டும் ஆர்டர் கொடுப்பவருக்குத் தெரியாது. தெரியாத வரைக்கும்தான் வியாபாரம்.

இந்த ரகசியம் ஒருத்தருக்கு மட்டும் ரொம்ப நாள் கிடைக்காமல் இருந்தது: எவருக்கும் ஓட்டுப் போட விருப்பமில்லாதவருக்கு.

வாக்குச்சீட்டுக் காலத்தில் பிரச்சினை இல்லை. முத்திரை குத்தாமல் மடித்துப் பெட்டியில் போட்டால், செல்லாத ஓட்டோடு ஓட்டாகப் போய்விடும். மிஷின் வந்ததும் சிக்கல் வந்தது. பட்டனை அமுக்கினால் 'பீப்' என்று நீளமாகச் சத்தம் வரும். வராவிட்டால் அறையே திரும்பிப் பார்க்கும். முறையாக மறுக்க விதி 49-ஓ இருந்தது. விரலில் மை வைத்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு, "ஓட்டுப் போட விருப்பமில்லை" என்று அதிகாரியிடம் சொல்ல வேண்டும். அவர் அதே பதிவேட்டில் குறிப்பு எழுதுவார். அதற்கும் ஒரு கையெழுத்து. எல்லாம் பூத் ஏஜென்டுகளின் கண்ணெதிரில்! அவர்கள் யார்? நம் வார்டுக்காரர்கள்தான். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே சேதி போய்விடும்.

மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2004இல் இதை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. ஒன்பது வருஷம் கழித்து, 2013 செப்டம்பர் 27 அன்று தீர்ப்பு வந்தது. ஓட்டுப் போடுபவருக்கு உள்ள ரகசியம் மறுப்பவருக்கும் உண்டு. அதற்கென மிஷினில் தனிப் பட்டன் வைக்க வேண்டும். 'இவர்களில் எவரும் இல்லை' என்கிற அந்தப் பட்டன்தான் நோட்டா. தீர்ப்பை எழுதியவர் அப்போதைய தலைமை நீதிபதி ப. சதாசிவம், பவானி அருகே காடப்பநல்லூர்க்காரர். நம்ம கொங்குப் பக்கத்து ஆள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அந்த வருஷம் டிசம்பர் 4 அன்று ஏற்காடு இடைத்தேர்தலிலேயே பட்டன் வந்துவிட்டது. உடுமலைப் பக்கத்துக் கவுண்டமணி நடித்த '49-ஓ' படம் 2015இல்தான் வெளியானது. அதற்குள் அந்த விதிக்கு வேலையே இல்லை!

நோட்டாவுக்குப் பல் கிடையாது என்பது நிஜம். அதற்கே அதிக ஓட்டு விழுந்தாலும், வேட்பாளர்களில் முதலில் வந்தவர்தான் ஜெயிப்பார். ஆனால் அது பிறந்தது யாரையும் தோற்கடிக்க அல்ல, மறுப்பவரின் பெயர் வெளியே தெரியாமல் காப்பதற்கு. அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது.

ஆகவே, யாரையும் பிடிக்காவிட்டாலும் பூத்துக்குப் போங்கள். வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிறதா என்று முன்னாடியே பாருங்கள். பூத் சிலிப் மட்டும் போதாது, அடையாள அட்டையும் வேண்டும். பனியன் கம்பெனியில் வேலை என்றால் ஓட்டுப் போடும் நாளில் சம்பளத்தோடு லீவு, சட்டப்படி. செல்போனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பட்டனைப் படம் பிடித்து வந்து காட்டச் சொல்பவரிடம், பூத்துக்குள் போனுக்கு அனுமதியில்லை என்று சொல்லிவிடலாம். யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.