மெட்ரிக் அளவையும் செயல்வழிக் கல்வியும்

1956-ஆம் ஆண்டில் எடை, அளவைச் சட்டம் நிறைவேறி, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக நம் சந்தைகளில் புகுந்தபோது, 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே நெட்டுருப் போட்டுவந்த மாணவனுக்கு, பத்தின் பெருக்கத்தையே ஆதாரமாகக் கொண்ட புதிய முறை பெரும் சௌகரியமாக வாய்த்தது. ஆயினும் அந்தச் சௌகரியத்திலேயே ஓர் அபாயமும் பொதிந்திருந்தது. வீசைக் கல்லையும் படியையும் கடையிலும் வீட்டிலும் கையாண்ட பின்னரே வாய்பாட்டில் அவற்றைச் சந்தித்த பிள்ளைக்கு அவை வஸ்துக்களாக இருந்தன. சென்டிமீட்டரையும் மில்லிலிட்டரையும் கரும்பலகையில் முதன்முதலாகக் காணும் பிள்ளைக்கோ அவை தசமப் புள்ளியை இடம் மாற்றும் வித்தையாகவே நின்றுவிடுகின்றன. அளவை முதலில் கையில் பழகி, பின்னரே கணக்கில் முதிர வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

அளவுகோலின் 2 என்ற கோட்டில் தொடங்கி 7 என்ற கோட்டில் முடியுமாறு ஒரு பென்சிலை வைத்து அதன் நீளத்தைக் கேட்டால், 7 சென்டிமீட்டர் என்று விடை கூறும் பிள்ளைகள் பலர். அவர்கள் எண்ணை வாசிக்கிறார்களேயன்றி இடைவெளியை எண்ணுவதில்லை. ஒரு சென்டிமீட்டர் நீளத் தாள்துண்டுகளை இடைவெளியும் மேற்படிவும் இன்றி வரிசையாக ஒட்டித் தன் அளவுகோலைத் தானே செய்துகொண்ட பிள்ளை இப்பிழையில் எளிதில் விழுவதில்லை.

பரப்பளவில் மயக்கம் இன்னும் அதிகம். ஒரு மீட்டருக்கு 100 சென்டிமீட்டர் என்பதனால் ஒரு சதுர மீட்டருக்கும் 100 சதுர சென்டிமீட்டரே என்று சாதிக்கும் மாணவனை, செய்தித்தாள்களை ஒட்டி ஒரு சதுர மீட்டர் விரிப்பு அமைத்து, 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள அட்டைகளை அதன்மேல் பரப்பச் செய்தால், 100 அட்டைகள் அடங்குவதையும், ஒவ்வோர் அட்டையிலும் 100 சதுர சென்டிமீட்டர் இருப்பதையும் கண்டு, 10,000 என்ற விடைக்குத் தானே வந்து சேர்வான்.

மெட்ரிக் முறையின் தனிச்சிறப்பு பத்தின் பெருக்கம் மட்டுமன்று. நீளமும் கொள்ளளவும் எடையும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதேயாகும். 1795-இல் பிரெஞ்சு தேசத்தார் ஒரு கன சென்டிமீட்டர் நீரின் எடையைக் கொண்டே கிராமை வரையறுத்தனர். 2019 முதல் கிலோகிராமின் வரையறை வேறாயினும், வகுப்பறைத் தராசு அறியக்கூடிய அளவில் அப்பிணைப்பு இன்றும் மெய்யே. 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள தகரப் பெட்டியை முதலில் வெறுமையாக நிறுத்து, அரை லிட்டர்க் குவளையால் இருமுறை நீர் வார்த்து நிரப்பி, மீண்டும் நிறுத்துப் பெட்டியின் எடையைக் கழித்துப் பார்க்கும் மாணவன், ஏறக்குறைய ஒரு கிலோகிராம் எஞ்சுவதைப் பிரத்தியட்சமாகக் காண்கிறான்.

இவையெல்லாம் காலத்தை விழுங்கும் விளையாட்டுக்கள் என்று ஆட்சேபிப்போர் உண்டு. செயல் வெறும் சடங்காகிவிட்டால் அந்த ஆட்சேபம் நியாயமே. அளப்பதற்கு முன் உத்தேச அளவைக் குறித்துவைத்தல், அளந்தபின் இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தின் காரணத்தை விவாதித்தல் என்னும் இரண்டும் சேர்ந்தாலன்றிச் செயல் கல்வியாகாது. சேர்ந்தாலோ, அவ்வாறு செலவழிந்த ஒரு மணி நேரம், பின்னர் பல நாள் பிழை திருத்தும் சிரமத்தைக் குறைக்கும். கையின் உழைப்பை அறிவின் வாயிலாகக் கொண்டு 1937-இல் காந்தியடிகள் வகுத்த ஆதாரக் கல்வியும் இத்தத்துவத்தையே சார்ந்தது.

ஆகவே, பாடத்திட்டம் வகுப்போர் அலகு மாற்றக் கணக்குகளைச் சற்றே பின்தள்ளி, அளக்கும் அப்பியாசத்தை முன்வைக்க வேண்டும். தேர்வு நடத்துவோரும் விடைத்தாளோடு ஒரு தராசையும் ஒரு குவளையையும் மாணவன்முன் வைக்கத் துணிய வேண்டும்.