சோழியும் லாட்டரிச் சீட்டும்: ஷாஃபிஈ சட்டத்தில் சூதுப்பொருள் விற்பனை

குலசேகரன்பட்டினத்துக்கு வடக்கே திருச்செந்தூர்க் கடைகளில் சோழி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கிப்போகிறவர் அதைக்கொண்டு பல்லாங்குழி ஆடலாம், தாயம் உருட்டலாம், சரமாகக் கோத்து வாசலில் தொங்கவிடலாம். விற்றவர் மீது குற்றம் உண்டா? இக்கரையில், குறிப்பாகக் காயல்பட்டினத்தில், வேரூன்றிய ஷாஃபிஈ மத்ஹபின் (சட்டப்பள்ளியின்) நூல்களில் இதற்கு நுட்பமான விடை இருக்கிறது. சூதைப் பற்றிய பயான்கள் பெரும்பாலும் ஆடுகிறவனையே கண்டிக்கின்றன. சட்ட நூல்களோ விற்கிறவனையும் விடவில்லை என்பதே என் வாதம்.

குர்ஆன் (5:90) மதுவோடு சேர்த்து மைசிர் எனும் சூதாட்டத்தை விலக்குகிறது. எது மைசிர்? 13ஆம் நூற்றாண்டில் இமாம் நவவி ‘மின்ஹாஜ்’ நூலில் நர்து எனும் பகடையாட்டத்தை ஹராம் (விலக்கப்பட்டது) என்றும், சதுரங்கத்தை மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது) என்றும் பிரித்தார். இருதரப்பும் பணம் வைத்தால் சதுரங்கமும் கிமார், அதாவது சூது. 16ஆம் நூற்றாண்டில் இப்னு ஹஜர் அல்-ஹைத்தமி ‘துஹ்ஃபா’வில் இதன் அடிப்படையை விளக்குகிறார்: கணக்கையும் சிந்தனையையும் சார்ந்த ஆட்டம் ஹராமன்று, ஊகத்தைச் சார்ந்தது ஹராம். முதல் வகைக்கு அவர் தரும் சான்று மன்கலா. குழிக்குக் குழி கணக்கிட்டுக் கல் மாற்றும் ஆட்டம் அது, நம் பல்லாங்குழியேதான்! ஆக, ஒரே சோழி குழியில் விழுந்தால் ஒரு சட்டம், தாயமாக உருண்டால் வேறு சட்டம். காசு வைக்காத தாயத்தையும் நர்தின் விலக்கு தொடும்.

இறைவன் ஒன்றை விலக்கினால் அதன் கிரயத்தையும் விலக்குகிறான் என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு ஹதீஸ் உண்டு. எனினும், நர்துக் காய்களை அதிகச் சிரமமின்றிச் சதுரங்கக் காய்களாக்க முடியுமானால் அவற்றை விற்பது செல்லும் என்கின்றனர் ஷாஃபிஈ அறிஞர்கள். பொருளுக்கு ஆகுமான வேறு பயன் உண்டா என்பதே அளவுகோல். சோழிக்கு உண்டு. லாட்டரிச் சீட்டுக்கு இல்லை. குலுக்கலுக்கு மறுநாள் அது குப்பைக் காகிதம்.

தமிழக அரசு 1968இல் தானே லாட்டரி தொடங்கியது. 1975இல் நிறுத்தி, 1984இல் மீண்டும் தொடங்கி, 2003 ஜனவரியில் லாட்டரி விற்பனை முழுவதையும் தடைசெய்தது. ‘நான் விற்கத்தானே செய்கிறேன்’ என்ற பெட்டிக்கடைச் சமாதானம் மேற்சொன்ன அளவுகோலில் நிற்காது. வருமானம் மக்கள் நலனுக்குப் போகிறது என்ற வாதமும் புதிதன்று. பழைய அரபிகள் மைசிரில் வென்ற ஒட்டக இறைச்சியை ஏழைகளுக்கே கொடுத்தார்கள் என விரிவுரையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதில் பயன் உண்டென்று ஒப்புக்கொண்டுதான் குர்ஆன் (2:219) அதன் பாவத்தைப் பெரிதென்கிறது.

விற்கிறவரையும் பிடிக்கும் இந்த இடத்துக்கு நாட்டுச் சட்டமும் சுற்றி வந்து சேர்ந்திருக்கிறது. தமிழகத்தின் 2022ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாது, அவை திறமை ஆட்டங்கள் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. நவவியின் பார்வையில் திறமை மட்டும் ஆட்டத்தைக் காப்பாற்றாது. இருதரப்புப் பணம் வந்ததுமே அது கிமார். 2025இல் நாடாளுமன்றம் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டமும் திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல் பண ஆட்டங்களைத் தடுக்கிறது. தண்டனையை ஆடுபவருக்கு அன்றி, நடத்துபவருக்கும் விளம்பரம் செய்பவருக்கும் வைக்கிறது.

ஆட்டச் செயலி எழுதும் வேலைக்குப் போகலாமா என்று நம் ஊர்ப் பிள்ளை ஓர் ஆலிமிடம் கேட்டால், ஆட்டத்தில் திறமை எவ்வளவு என்று அளப்பது மட்டும் போதாது. ஆடுவோர் பணம் வைக்கிறார்களா, பணத்தை எடுத்துவிட்டால் அந்தச் செயலிக்குச் சோழியைப் போல வேறு பயன் ஏதும் மிஞ்சுமா என்றும் அவர் கேட்டாக வேண்டும்.