நினைச்சா விட்டுருவேன்!

‘நான் நினைச்சா நாளைக்கே விட்டுருவேன்!’

குடிக்கிறவர்கள் சொல்லி நீங்களும் இதைக் கேட்டிருப்பீர்கள். சிக்கலே அந்த ‘நினைச்சா’வில்தான். அந்த நினைப்பு எங்கிருந்து வரும்? அதை ஒரு மருத்துவரால் வரவழைக்க முடியுமா? மனநல சிகிச்சையின் வரலாற்றில் ரொம்ப காலம் இழுபறியாகக் கிடந்த கேள்வி இது.

‘திருந்தணும்னு அவனுக்கே தோணணும்’ என்பது பழைய தீர்ப்பு. அமெரிக்காவின் பல சிகிச்சை நிலையங்களில் இதோடு ஒரு முரட்டு வைத்தியமும் சேர்ந்துகொண்டது. ‘நீ குடிநோயாளி, ஒப்புக்கொள்!’ என்று முகத்துக்கு நேராக இடித்துச் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளவில்லையா? ‘இவனுக்கு மனசே இல்லை!’ பழி எப்போதும் நோயாளி தலையில்தான்.

1979-ல், முன்னாள் மத்திய நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன் ரங்கநாதன் குடிநோய்க்குப் பலியானார். பணம், செல்வாக்கு எல்லாம் இருந்த வீடு! அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன் ஒடுங்கிப் போய்விடவில்லை. அமெரிக்காவில் பயிற்சி பெற்றார். 1980-ல் கணவர் பெயரிலேயே சென்னையில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அங்கே குடிப்பவருக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு.

சென்னைக்காரர்களுக்குச் சரி. ஆழ்வார்குறிச்சியை நினைத்துப் பாருங்கள். மேற்கு மலைத் தொடரின் அடிவாரத்தில், கடனாநதி பாயும் ஊர். அங்கே கூலி வேலை செய்யும் ஒருவர் 600 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, வாரக்கணக்கில் கூலியை இழந்து படுத்துக் கிடக்க வேண்டுமென்றால்? அவர் வராததற்கு ‘மனசில்லை’ என்றா எழுதுவது? மனசிருந்தாலும் பஸ்ஸுக்குக் காசு வேண்டாமா!

இதற்கு விடையாக, 1989-ல் அன்றைய தஞ்சை மாவட்டத்து மஞ்சக்குடியில் சாந்தியின் அமைப்பு சிகிச்சை முகாம் நடத்தியது. ஊரைத் தேடி மருத்துவம் வந்தது. குடும்பமும் ஊர்க்காரர்களும் கூட நின்றார்கள்.

இதற்குச் சில வருடங்கள் முன்னால், உலகத்தின் இன்னொரு மூலையில், வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் நார்வே நாட்டில் இளம் உளவியலாளர்களோடு பேசிக்கொண்டிருந்தார். ‘ஏன் இந்தக் கேள்வியைக் கேட்டீர்கள்? ஏன் அதைக் கேட்கவில்லை?’ என்று அவர்கள் குடைந்தார்கள். பதில் சொல்லச் சொல்ல, தன் சிகிச்சை முறையே அவருக்குப் பிடிபட்டது. 1983-ல் அதைக் கட்டுரையாக எழுதினார்.

விஷயம் எளிது. குடிப்பவருக்கு மனசில்லாமல் இல்லை, இரண்டு மனசு! ‘விடணும்’ என்று ஒன்று, ‘வேணும்’ என்று ஒன்று. நீங்கள் ‘விடு’ என்று வாதாடினால், அவர் தன்னாலேயே மற்ற கட்சிக்கு வக்கீலாகிவிடுவார். விடுவதற்கான காரணம் அவர் வாயிலிருந்தே வர வேண்டும். 1993-ல் மில்லர் குழு வெளியிட்ட ஆய்வு இன்னும் சுருக்கென்றது: சிகிச்சையாளர் எவ்வளவு அதிகமாக இடித்துப் பேசினாரோ, ஓராண்டு கழித்து நோயாளி அவ்வளவு அதிகமாகக் குடித்தார்!

ஆக, அந்த ‘நினைச்சா’ என்பது அவர் மண்டைக்குள் மட்டும் இல்லை. எதிரே உட்கார்ந்து பேசுகிறவரிடமும் இருக்கிறது. சிகிச்சை எவ்வளவு தூரத்தில் கிடைக்கிறது என்பதிலும் இருக்கிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை. ‘நாளைக்கே’ மட்டும் வேண்டாம். பல காலம் மிதமிஞ்சிக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். அதுவரை, ‘எதுக்காக விடணும்னு உங்களுக்குத் தோணுது?’ என்று கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் காது கொடுங்கள்.